ஊகிக்கக் கற்றுக்கொடுத்த கல்லா

ஜப்பானில் செவன் இலெவன் என்ற சிறுகடைத் தொடரின் முதல் கடை 1974-இல் தோக்கியோவில் திறந்தது. 1982-இல் அந்தத் தொடரின் கல்லாக்களுக்குக் கணினி வந்தது. கணக்குப் பார்க்க மட்டுமல்ல. எந்தச் சரக்கு எந்த நேரத்தில் போகிறது என்று அறியவும்தான். வாங்குபவரின் வயதையும் பாலினத்தையும் குறிக்கக்கூடப் பொத்தான்கள் இருந்தன. ஊழியர் குத்துமதிப்பாக அழுத்துவார். (இளநரைக்காரர்கள் பாவம்!)

எனக்குப் பிடித்தது வேறு. எந்திரம் எண்களைக் காட்டும். நாளைக்கு எத்தனை ஒனிகிரி, அதாவது கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை, வேண்டும் என்று ஊகிப்பது கடையில் இருப்பவர். மழை வருமா, பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு விழாவா என்று பார்த்து ஆர்டர் போடுவார். பிறகு விற்பனையோடு ஒப்பிட்டு ஊகத்தைத் திருத்துவார். அதற்குத் தோதாகச் சோற்று வகைகள் நாளுக்கு மூன்று நடை வண்டியில் வந்திறங்கும். ஜப்பான் செவன் இலெவனின் தலைவராக இருந்த தோஷிஃபுமி சுசுகி வளர்த்த இந்த முறை, ஆளைக் கேட்காமல் தானே ஆர்டர் போடும் மென்பொருளைவிட உசத்தி என்பேன்.