சிவகாசி வரலாறும் மக்கட்டொகைக் கணக்கும்

ஊர் வரலாறு எழுதுவோரிடம் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. தொழில் தோன்றிய ஆண்டைக் கூறுவர். அடுத்து மக்கட்டொகையைக் கூறுவர். தொழில் வளர ஊரும் வளர்ந்தது என்று முடிப்பர். சிவகாசியைப் பற்றிய கட்டுரைகள் பலவும் இவ்வாறே அமைந்துள்ளன. இம்முறை போதியதன்று என்பதற்கு அவ்வூரின் கணக்கே சான்று.

2001-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி சிவகாசி நகராட்சியின் மக்கட்டொகை 72,170, 2011-இல் 71,040. தொழிலும் மக்கட்டொகையும் இணைந்தே செல்வன என்று கொண்டால், அப்பத்தாண்டில் தொழில் நலிந்தது என்றே முடிவு கூற நேரும். உண்மை அதுவன்று. நகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர்தான். பட்டாசு ஆலைகளோ, சட்டப்படி குடியிருப்புகளை விட்டு விலகி நிற்க வேண்டியவை. திருத்தங்கலையும் சுற்றுப்புறங்களையும் சேர்த்து எண்ணிய நகர்த்தொகுதிக் கணக்கில், அதே 2011-இல் 2,34,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். 2021-இல் இரு நகராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சி ஆயின. வளர்ச்சி பழைய எல்லைக்கு வெளியே நிகழ்ந்ததேயன்றி நின்றுவிடவில்லை.

தொழிலின் தோற்றத்தைக் கூறுமிடத்தும் குறையுண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1920-களின் தொடக்கத்தில் ஆலை நிறுவினர். அவர்தம் முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் முயற்சி மட்டும் ஒரு தொழில் நகரை ஆக்கிவிடாது. மழை குறைந்த வானிலை குச்சிகளை உலர்த்த உதவிற்று. மானாவாரி நிலத்தை நம்பி, ஆண்டு முழுதும் வேலை கிடைக்காத குடும்பங்கள் சுற்றுச் சிற்றூர்களில் இருந்தன. தீப்பெட்டிமேல் ஒட்டும் படங்களின் தேவையோ அச்சுத்தொழிலை ஊருக்குள் அழைத்து வந்தது.

அச்சிற்றூர் மக்களே இவ்வரலாறுகளில் விடுபட்டவர்கள். பெட்டி ஒட்டியவரும் குச்சி அடுக்கியவரும் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களுமே. விடியுமுன் ஆலைப் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று சிறுவர்களை ஏற்றி வந்த காலமும் இருந்தது. சிவகாசிச் சிறுவர்களை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கில், 1996-இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்திற்கு மாறாக அமர்த்தப்பட்ட சிறுவர் ஒவ்வொருவருக்கும் முதலாளி 20,000 ரூபாயை நல நிதியில் செலுத்த வேண்டும் என்பது அதன் ஆணைகளுள் ஒன்று. "குட்டி ஜப்பான்" என்னும் புகழ்ப்பெயரை விடாது எழுதுவோர் இத்தீர்ப்பை விட்டுவிடுதல் முறையாகாது. அச்சிறுவர்களுள் பலர் நகராட்சியின் மக்கட்டொகையில் எண்ணப்பட்டவரும் அல்லர்.

ஊர் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், மக்கட்டொகையைக் கரும்பலகையில் எழுதும்போது இரு வினாக்களையும் உடன் எழுதுவாராக: இவ்வெண் எந்த எல்லைக்குள் எடுக்கப்பட்டது? அத்தொழிலில் உழைத்தோர் அவ்வெல்லைக்குள் வாழ்ந்தனரா? விடை தேடும் மாணவன் ஆண்டுகளையும் எண்களையும் மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், அவற்றை ஆராயவும் கற்பான்.