லாரிப் பெட்டியும் பாண் அலுமாரியும்

ஸ்ரீநகரில் தொடங்கி நாமக்கல் வழியாகக் கன்னியாகுமரி வரை ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இலங்கைத் தீவோ வடக்கே பருத்தித்துறையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை 430 கிலோமீட்டர் சொச்சம்தான். வண்டியில் உள்ளூர்க் கைவேலைக்காரர் அடித்துக் கொடுக்கும் பெட்டிகள் இரு நாட்டிலும் ஏன் இத்தனை வேறுபடுகின்றன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டு அளவுகளைத்தான்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரப் பட்டறைகளில் பாடி கட்டும் லாரியின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, தளத்துக்கு அடியில், தகரப் பெட்டி தொங்கும். ஒன்றில் ஜாக்கி, வீல் ஸ்பேனர், லீவர். இன்னொன்றில் அடுப்பு, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் டப்பா, இரண்டு பாத்திரம். தார்ப்பாயும் கயிறும் கேபின் தலைக்கு மேலே போய்விடும். வடக்கே சரக்கு ஏற்றிப் போனால் வீடு திரும்ப வாரக்கணக்காகும். போகிற இடத்தில் நம் சோறு கிடைக்காது. அதனால்தான் அந்தப் பெட்டியின் கதவைக் கீழ்நோக்கித் திறக்கும்படி வைத்து, சங்கிலியில் நிறுத்திக் காய் நறுக்கும் பலகையாக்கும் வழக்கம் வந்தது. சேஸிஸ் மட்டும் வாங்கி, கேபினையும் ஊரிலேயே கட்டிய காலத்தில், இருக்கைக்கு அடியிலும் படுக்கைக்குப் பின்னாலும் ஓட்டுநர் கேட்ட இடத்திலெல்லாம் தச்சர் அறை வகுத்தார். இப்போது கம்பெனி கேபின் பெருகிவிட்டது. வசதி கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் வரும் அறைகள் எல்லாருக்கும் ஒரே அளவு. இந்த ஓட்டுநரின் கை எங்கே எட்டும் என்று அளந்து போட்டவை அல்ல. அந்த அளவு தெரிந்த கைகளுக்கு வேலை குறைவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இலங்கையில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிய லொறி ஓர் இரவில் போய்ச் சேர்ந்துவிடும். வழியில் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. லொறியில் சமையலறை வைக்க அங்கே தேவை எழவில்லை. அங்குள்ள கைவேலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலோ பின்னேரத்திலோ, பேத்தோவனின் ‘ஃபியூர் எலிஸ்’ மெட்டை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும், பாண் (பிரெட்) விற்கும் சூன் பாண் ஓட்டோவைப் பார்க்க வேண்டும். பின் ஆசனத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி பதித்த அலுமாரியை ஏற்றியிருப்பார்கள். உள்ளே தட்டுத் தட்டாகப் பாண், சீனி தூவிய கிம்புலா பணிஸ், மாலு பணிஸ், றோல்ஸ். வீட்டுப் படலையில் நிற்பவருக்கு எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும்; தூசியும் ஈயும் உள்ளே போகாது.

இந்த உயரமான அலுமாரி மூன்று சக்கர வண்டிக்குப் பொருந்துவதற்குக் காரணம் பாணின் எடை. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். நூறு இறாத்தல் ஏற்றினாலும் 45 கிலோதான், ஓர் ஆளின் எடைகூட இல்லை. உண்மையான பாரம் கண்ணாடியும் சட்டமும். ஆகவே விவரம் தெரிந்தவர் மேல் பாதியை அலுமினியத்தில் செய்து, பலகையையும் பற்றரியையும் கீழே வைப்பார். 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் முறையில் அதைப் பங்கிட்டபோது முச்சக்கர வண்டிக்குத் தொடக்கத்தில் வாரம் 5 லீற்றர்தான் கிடைத்தது. அந்த நாட்களில் அலுமாரியில் குறைத்த ஒவ்வொரு கிலோவும் இன்னும் சில வீடுகளுக்குப் பாண் போவதற்கு உதவியிருக்கும்.

இரு நாட்டுக்கும் பொதுவான வண்டி ஒன்று உண்டு. 2005இல் டாடா வெளியிட்ட ஏஸ்: தமிழ்நாட்டில் குட்டி யானை, இலங்கையில் டிமோ பட்டா. அதன் ஒரு வகையில் தளம் 2,200 மில்லிமீட்டர் நீளம், 1,490 அகலம். தாங்கும் சுமை சுமார் முக்கால் டன். தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்கும் காய்கறிக் கிரேட் 540க்கு 360. அகலத்தில் நான்கு, நீளத்தில் நான்கு: பதினாறு கிரேட் கச்சிதமாக உட்காரும். கிரேட்டுக்கு 20 கிலோ என்றால் ஓர் அடுக்கு 320, இரண்டு அடுக்கு 640. அத்தோடு நிறுத்த வேண்டும். மூன்றாம் அடுக்கு ஏற்றினால் 960 கிலோ; இடம் இருக்கிறது என்பதற்காக அதை ஏற்றுவது தெருவில் நிற்பவர் உயிரோடு விளையாடுவது.

கிரேட்டையே இழுப்பறையாக்கலாம் என்பது என் துணிபு. யாழ்ப்பாணத்தார் லாச்சி என்று சொல்லும் அந்த அறையைத் தனியாகச் செய்யவே வேண்டாம். கடைசி வரிசையை மட்டும் ஆங்கிள் சட்டத்தில் ஏற்றினால் மேல் கிரேட்டைத் தூக்காமல் கீழே உள்ளதை இழுக்கலாம். சட்டத்துக்கு இடம் வேண்டும். நாலு கிரேட் வரிசையில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். மேசைக்குப் போடும் பால்பேரிங் சேனலை இங்கே போடாதீர்கள். கொங்குப் பக்கத்துப் புழுதி குண்டுகளை இறுக்கிவிடும். மன்னார், யாழ்ப்பாணக் கடற்காற்று துருவேற்றிவிடும். மெழுகு தேய்த்த வைரமரச் சட்டமோ நைலான் பட்டையோ இரண்டு ஊரிலும் நின்று உழைக்கும்.

இந்தியாவில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆகவே சட்டகத்தைத் தளத்தோடு வெல்டு வைக்காமல், கயிறு கட்டும் கொக்கிகளில் இறுக்கி, இரண்டு பேர் தூக்கி இறக்கும்படி செய்வதே நல்லது. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிக் கொண்டி போடுங்கள். ஏற்காட்டு ஏற்றத்திலும் ஹற்றன் ஏற்றத்திலும் பின்பக்கம் திறக்கும் அறை தானாகவே வெளியே வரும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழுபடாமல் உள்ளே ஒரு தடுப்புக் கட்டையும் அடித்துவிட வேண்டும்.