படிக்காதவர்களும் வரலாமாம்

வாசகர் வட்ட அழைப்புகளில் இப்போது ஒரு வரி தவறாமல் வருகிறது: 'புத்தகம் படிக்காதவர்களும் வரலாம், இயல்பாகப் பேசுவோம்.' இலக்கியக் கூட்டம் என்றாலே ஓடுகிறவர்களை உட்காரவைக்க இதைவிட்டால் வழியில்லை என்று நடத்துகிறவர்கள் வாதாடுகிறார்கள்.

பாதி நியாயம்தான். வரவேற்புரை, சால்வை, நான்கு மதிப்புரைகள், எழுத்தாளரின் ஏற்புரை, மண்டபத்தைப் பூட்டும் நேரத்தில் 'வாசகர்கள் கேள்வி கேட்கலாம்' என்ற அறிவிப்பு. இந்தச் சடங்கை ஒழித்ததற்கு இவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். மைக்கைக் கண்டால் ஒதுங்கும் ஆள், ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடித்து வந்து, வட்டமாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்ததும் பேசிவிடுகிறார். சந்தோஷம்.

என்னுடைய புகார் பழையது. இந்தக் கூட்டங்களில் யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை.

'இந்த நாவல் உங்களுக்கு எதை ஞாபகப்படுத்தியது?' என்று ஒருங்கிணைப்பாளர் எடுத்துக் கொடுக்கிறார். பாட்டி வீடு, கல்லூரிக் காதல், மாமியார் என்று பேச்சு களைகட்டுகிறது. அன்றைக்கு வேறு எந்த நாவலை வைத்திருந்தாலும் இதே பேச்சுதான் நடந்திருக்கும். அமெரிக்கப் பதிப்பகங்கள் நாவலின் கடைசிப் பக்கங்களில் வாசகர் வட்டத்துக்கென்றே கேள்விகள் அச்சிடுவதுண்டு. 'நாயகியின் இடத்தில் நீங்கள் இருந்தால்?' வகையறா. பதில் சொல்லக் கதைச்சுருக்கம் போதும். நம் வட்டங்களுக்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை. டீக்கடை பெஞ்சில்கூட தினத்தந்தியை ஒரு புரட்டு புரட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

ஓசூரில் வசிக்கும் பா. வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை' 2008இல் வந்தது. திப்பு சுல்தான் காலத்துக்குள் போகும் பெரிய நாவல். வாக்கியங்கள் நீண்டு நீண்டு போகும். இதை இந்த வட்டங்களில் வைத்தால் என்ன நடக்கும்? 'ஐம்பது பக்கம் தாண்ட முடியல சார்' என்பார் ஒருவர். 'நான் இருபதுலயே மூடிட்டேன்' என்பார் இன்னொருவர். சிரிப்பு, டீ, முடிந்தது. மாறாக ஒரே ஒரு வாக்கியத்தை உரக்க வாசித்து, 'இதை நாலாக உடைத்தால் என்ன போய்விடும்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் போகாது என்று ஒருவர் அடித்துச் சொல்வார். மூச்சே போய்விடும் என்பார் அடுத்தவர். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசி, தமிழில் படிக்கிறவர்கள் நிறைந்த எல்லைப் பகுதி ஓசூர்; ஒரு தமிழ் வாக்கியம் காதில் விழும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். கலகலப்பு அங்கேதான் பிறக்கிறது. சண்டை வந்தால் வரட்டுமே.

ஒழுங்கு வந்தால் இறுக்கம் வந்துவிடும் என்கிறார்கள். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் முகாம்களில் தலைப்பைவிட்டு விலகக் கூடாது என்பதில் கறாராக இருப்பார்கள். அங்கே போனவர்கள் சிரிப்பை மறந்து திரும்பியதாகக் கேள்விப்பட்டதில்லை. பெங்களூரில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய கப்பன் ரீட்ஸ் இன்னொரு கோடி. பூங்காவில் பாய் விரித்து, பேசாமல், அவரவர் புத்தகத்தை அவரவர் வாசிக்கிறார்கள். விவாதம் என்று பார்த்தால் பூஜ்யம். ஆனாலும் புத்தகம் கையிலாவது இருக்கிறது.

படிக்காதவரையும் அழைப்பது தாராள மனம்போலத் தோன்றும். அந்தத் தாராளத்துக்கு விலை கொடுப்பவர் படித்தவர். அஞ்செட்டிக்கும் ஒகேனக்கல்லுக்கும் நடுவே நாட்றாம்பாளையத்தில் ஒருவர் நாவலை முழுதாகப் படித்து, பென்சிலால் கோடு போட்டு, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்று மலைப்பாதையில் பஸ் பிடித்து ஓசூர் வந்து சேர்கிறார் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. அவரை உட்காரவைத்து, முதல் பக்கத்தையே பார்க்காதவரின் பாட்டி கதையைக் கேட்கச் சொல்கிறோம். அடுத்த மாதம் அவர் வரமாட்டார், மற்றவர் வருவார். இப்படியே ஒரு வருஷம் போனால் வட்டம் முழுக்க யார் இருப்பார்கள் என்று விளக்கவேண்டியதில்லை. வாசிப்பைப் பரப்புகிறோம் என்று கிளம்பியவர்கள் வாசகர்களை விரட்டும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச வாய் திறக்கிறவரை முதலில் பக்க எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். படிக்காமல் வந்தவர் அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்கட்டும், டீ அவருக்கும் உண்டு.