அடிமனை ஒருவருக்கு, வீடு இன்னொருவருக்கு

2008 ஜூன் மாதம் கலிபோர்னியா வாக்காளர்கள் முன்னால் 98-ஆம் எண் முன்மொழிவு வந்தது. தனியார் மேம்பாட்டுத் திட்டத்துக்காகக்கூட அரசு ஒருவரின் வீட்டைக் கையகப்படுத்தலாம் என்று 2005-இல் நியூ லண்டன் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு கிளப்பிய கோபம் அப்போதும் ஆறவில்லை. வீடுகளை அரசின் கையிலிருந்து காக்கும் சட்டம் என்றே 98-ஐ மக்களிடம் கொண்டுபோனார்கள். ஆனால் அதனுள்ளேயே வாடகைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக ஒழிக்கும் விதியும் இருந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் அடுக்குமாடிக் குடியிருப்பு முதலாளிகளும் மொபைல் ஹோம் பார்க் முதலாளிகளும் முன்வரிசையில் நின்றார்கள். வாக்காளர்கள் ஏமாறவில்லை. பத்தில் ஆறு பேர் எதிர்த்து வாக்களித்து அதைத் தோற்கடித்தார்கள்.

வாடகைக் கட்டுப்பாட்டை ஒழிக்க நினைத்தவர்கள் அடுக்குமாடி வாடகைதாரர், மொபைல் ஹோம்காரர் என்ற இரு சாராரின் பாதுகாப்பையும் ஒரே விதியில் அடக்கினார்கள். காக்க வந்தவர்களும் இருவருக்கும் ஒரே வாதத்தைத்தான் சொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரின் நிலை வேறு, மொபைல் ஹோமில் இருப்பவரின் நிலை வேறு. முன்னவருக்கான கட்டுப்பாட்டில் நன்மையும் கேடும் கலந்திருக்கின்றன. பின்னவருக்கு அது இல்லாமல் தீராது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் வலுவான வழக்கும் வலுவிழந்துபோகும்.

மொபைல் ஹோம் என்றதும் ஊர் ஊராக ஓட்டிப் போகும் வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. அது தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டு, லாரியில் இழுத்து வரப்படும் வீடு. அகலமான வீடாக இருந்தால் இரண்டு பாதியாக வரும். பார்க்கில் ஒதுக்கிய மனையில் இரண்டையும் சேர்த்துப் பொருத்துவார்கள். சக்கரங்களைக் கழற்றி, கட்டைகளின் மேல் உட்காரவைத்து, அடிப்பக்கத்தைச் சுற்றித் தகடு அடைத்து, தண்ணீர், சாக்கடை, கேஸ், மின்சாரம் எல்லாவற்றையும் இணைத்துவிடுவார்கள். பிறகு குடியிருப்பவர் தன் செலவில் முன்திண்ணை போடுவார், கார் நிறுத்தக் கூரை போடுவார், செடி வைப்பார். வீடு அவருடைய சொத்து. வீட்டுக் கடன் தவணையையும் அவர்தான் கட்டுகிறார். அதன் கீழே உள்ள மண் மட்டும் பார்க் முதலாளியுடையது, அதற்கு மாதாமாதம் மனை வாடகை.

வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் அடுக்குமாடிக்காரர் சாமான்களை ஏற்றிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார். அது வலிதான், ஆனாலும் முடியும். மொபைல் ஹோம்காரர் வீட்டையே பெயர்க்க வேண்டும். பழைய வீடு பயணத்தைத் தாங்காது. தாங்கினாலும் பழைய வீடுகளைப் பல பார்க்குகள் சேர்ப்பதில்லை. கடலோரக் கலிபோர்னியாவில் காலி மனை கிடைப்பதும் அரிது. நூற்றில் ஒரு மொபைல் ஹோம்தான் எப்போதாவது இடம் மாறுகிறது என்று 1992-இல் எஸ்கொண்டிடோ நகர வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. ஆகவே வாடகையை ஏற்றும் முதலாளிக்கு, ஆள் போய்விடுவாரே என்ற பயம் இல்லை. சந்தை விலையை அடக்கிவைப்பது அந்தப் பயம்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மனை வாடகை மாதம் 100 டாலர் ஏறினால் ஆண்டுக்கு 1,200 டாலர். வீட்டை வாங்க வருபவர் பத்தாண்டுச் செலவை மனதில் வைத்துப் பேரம் பேசினால், வீட்டின் விலையில் 12,000 டாலர் கழிந்துவிடும். இருப்பவர் அதிக வாடகையும் கட்ட வேண்டும், விற்றுவிட்டுப் போனால் சொத்திலும் இழக்க வேண்டும். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே நடக்கும் பார்க்குகள் அந்த மாநிலத்தில் ஏராளம். ஓய்வூதியத்தை மட்டும் நம்பி, இருந்த சேமிப்பையெல்லாம் அந்த வீட்டில் போட்டவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, சந்தை தீர்மானிக்கட்டும் என்று சொல்வது கொடுமை.

நமக்கு இது புதிய சிக்கல் அல்ல. கோயில் மனையிலும் தனியார் மனையிலும் தன் காசில் வீடு கட்டி, அடிமனை வாடகை கட்டிவரும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் தலைமுறைகளாக இருக்கின்றன. 1921-லேயே சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனைக்காரர் காலி செய்யச் சொன்னால் கட்டடத்துக்கு ஈடு தர வேண்டும் என்றது. குறிப்பிட்ட சூழ்நிலைகளில், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்த மனையையே வாங்கிக்கொள்ளும் உரிமையையும் குடியிருப்பவருக்குக் கொடுத்தது. 1996-இல் கோயில் முதலிய சமய நிறுவனங்களின் மனைகளுக்கு அந்தப் பாதுகாப்பு நீக்கப்பட்டது வேறு கதை. கலிபோர்னியா நகரங்கள் வாடகைக்கு மட்டுமே வரம்பு கட்டின. வாங்கும் உரிமை வரை அவை போகவில்லை. அந்தக் குறைக்குப் பின்னால் வருகிறேன்.

அடுக்குமாடிகளில் நிலைமை வேறு. 1978-இல் 13-ஆம் எண் முன்மொழிவு சொத்து வரியைக் கடுமையாகக் குறைத்தது. வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்று பிரசாரம் நடந்தது. வாடகை குறையவில்லை. அந்த ஏமாற்றத்திலிருந்துதான் 1979-இல் சாண்டா மோனிகாவும் சான் பிரான்சிஸ்கோவும் வாடகைக் கட்டுப்பாட்டுக்குப் போயின. சான் பிரான்சிஸ்கோ 1994-இல், 1980-க்கு முன் கட்டிய சிறு கட்டடங்களையும் அதில் சேர்த்தது. அப்படிச் சேர்ந்த கட்டடங்களை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2019-இல் வெளியான அவர்களது ஆய்வை இரு தரப்பும் பாதி பாதியாகவே எடுத்துக் காட்டுகிறது. கட்டுப்பாட்டுக்குள் வந்த வீடுகளில் இருந்தவர்கள் அதே முகவரியில் நீடிக்கும் வாய்ப்பு 10 முதல் 20 விழுக்காடு கூடியது. அதே சமயம், அந்தக் கட்டடங்களின் சொந்தக்காரர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 விழுக்காடு குறைத்தார்கள். அவற்றைத் தனி வீடுகளாக்கி விற்றார்கள், அல்லது இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். நகரம் முழுவதும் வாடகை சுமார் 5 விழுக்காடு ஏறியது.

உள்ளே இருப்பவர் காப்பாற்றப்பட்டார், வெளியே இருந்து வீடு தேடுபவர் விலை கொடுத்தார். இதை மறுக்க முடியாது. ஆனால் அந்த 15 விழுக்காடு எந்த வழியாக வெளியே போனது என்று கேட்க வேண்டும். வாடகைத் தொழிலை விட்டு விலகும் முதலாளி குடித்தனக்காரர்களைக் காலி செய்ய 1985-இன் எல்லிஸ் சட்டம் வழி விட்டிருந்தது. வீடு காலியானதும் புது ஆளுக்கு இஷ்டப்பட்ட வாடகை வைக்கலாம் என்றது 1995-இன் கோஸ்டா–ஹாக்கின்ஸ் சட்டம். பழைய குடித்தனக்காரர் எவ்வளவு காலம் நீடிக்கிறாரோ, அவரை வெளியேற்றினால் அவ்வளவு லாபம் என்ற நிலை அப்படித்தான் உருவானது. இன்னொரு குறையும் உண்டு. இந்தக் கட்டுப்பாடு குடியிருப்பவரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. கை நிறையச் சம்பளம் வாங்கும் பொறியாளரும் முதிய விதவையும் ஒரே வரம்பின் நிழலில் இருக்கிறார்கள். ஏழைகளுக்கான திட்டமாக மட்டும் பார்த்தால், இது குறி தவறும் கருவிதான்.

மொபைல் ஹோம் பார்க்குகளில் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்கொண்டிடோவில் 1988-இல் வாக்காளர்கள் மனை வாடகையை 1986 நிலைக்கு இறக்கினார்கள். நகர மன்றம் ஒப்பாமல் ஏற்றக் கூடாது என்றும் விதித்தார்கள். பார்க் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். மனை வாடகை குறைந்தால் அதன் மேல் நிற்கும் வீட்டின் விலை ஏறும். இன்று இருப்பவர் அந்த உயர்ந்த விலைக்கு விற்றுவிட்டுப் போவார். அடுத்து வருபவர் குறைந்த வாடகையின் பலனை விலையாக முன்கூட்டியே கட்டிவிடுவார். எங்கள் நிலத்தின் மதிப்பு முதல் ஆளின் பைக்குப் போகிறது என்பதே அவர்கள் வாதம். நிலத்தை அரசு பறித்ததாக இதைக் கொள்ள முடியாது, வாடகைக்கு விடத் தொடங்கியது அவர்களே என்று உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ஆனால் விலை கைமாறும் அந்தப் பொருளாதார உண்மையை அது மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

இந்தப் பிழைக்கு மருந்தாக, வீடு கைமாறும்போது வரம்பை முழுவதுமாக நீக்கச் சொல்கிறார்கள். அது நோயைவிடக் கொடிய மருந்து. வாங்க வருபவரிடம், அடுத்த மாதம் முதல் மனை வாடகை எவ்வளவு என்று முதலாளி தன் விருப்பப்படி சொல்ல முடிந்தால், எந்த முதியவரின் வீடும் நியாயமான விலைக்குப் போகாது. கடைசியில் வீடு பார்க் முதலாளிக்கே அடிமாட்டு விலைக்குப் போகும். முதல் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதல் லாபம் கிடைப்பதா, அவர் சேமிப்பு முழுவதும் கரைவதா என்றால், முதலாவதைத்தான் நான் ஏற்பேன். கைமாறும்போது அளவான ஏற்றம் அனுமதிக்கலாம். சான் ஹோசே நகரம் ஆண்டு ஏற்றத்தை விலைவாசி உயர்வில் 75 விழுக்காட்டோடு கட்டி, 3-க்குக் குறையாமல் 7 விழுக்காட்டுக்கு மேற்போகாமல் வைத்திருக்கிறது. சாலையும் சாக்கடையும் பழுது பார்க்க முதலாளிக்குப் பணம் கிடைக்கிறது, குடியிருப்பவருக்கு அடுத்த ஆண்டுக் கணக்கு முன்கூட்டியே தெரிகிறது.

எவ்வளவு நன்றாக எழுதிய வரம்பும் பார்க்கை மூடும் முதலாளியிடம் செல்லாது. பாலோ ஆல்டோ நகரின் ஒரே மொபைல் ஹோம் பார்க் புவேனா விஸ்டா. சுமார் 400 பேர் அங்கே இருந்தார்கள். பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வழிவந்த உழைக்கும் குடும்பங்கள். குழந்தைகள் படித்தது அந்தப் பணக்கார நகரின் நல்ல பள்ளிகளில். 2012-இல் முதலாளி அதை மூட விண்ணப்பித்தார், 2015-இல் நகர மன்றம் அனுமதித்தது. வாடகை எவ்வளவு என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை. நிலத்தின் விலைதான் எல்லாம். குடும்பங்கள் விடாமல் போராடின. கடைசியில் 2017-இல் சாண்டா கிளாரா கவுண்டி வீட்டுவசதி ஆணையம் சுமார் 4 கோடி டாலர் கொடுத்து பார்க்கை வாங்கிய பிறகே அவர்கள் மூச்சு விட்டார்கள். இங்கேதான் 1921-இன் சென்னைச் சட்டம் நினைவுக்கு வருகிறது. வாடகை வரம்பு, மூடினால் முழு ஈடு, விற்றால் குடியிருப்போருக்கோ பொது நிறுவனத்துக்கோ முதல் வாங்குரிமை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அடிமனையில் இருப்பவருக்குக் காப்பு.

கோஸ்டா–ஹாக்கின்ஸை நீக்கவோ தளர்த்தவோ 2018, 2020, 2024 என மூன்று முறை வாக்கெடுப்பு நடந்து மூன்றும் தோற்றன. இடையில் 2019-இல் மாநிலம் தழுவிய சட்டம் வந்தது. அதன்படி ஆண்டு வாடகை ஏற்றம் 5 விழுக்காட்டோடு விலைவாசி உயர்வைச் சேர்த்த அளவுக்கு மேற்போகக் கூடாது, எப்படியும் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் சொந்த மொபைல் ஹோமுக்கான மனை வாடகை அதில் சேரவில்லை. உள்ளூர்ச் சட்டம் இல்லாத ஊரில் அவர்களில் பெரும்பாலோருக்கு வரம்பே இல்லை. 2030 தொடக்கத்தில் அந்தச் சட்டம் காலாவதியாகிறது. அதை நீட்டிக்கச் சட்டமன்றம் கூடும்போது, முதலில் சேர்க்க வேண்டிய வரி அந்த மனை வாடகையைப் பற்றியதுதான்.