உரப்பும் செவியும்

ஒலிப்பதிவின் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கைப் புதிய இசைக்காரர்கள் சப்தத்தை ஏற்றும் காரியமாகவே கொள்கிறார்கள். 2008-இல் வெளியான மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' இதற்கு உதாரணம். உச்சங்கள் நசுங்கி, தணிவும் எழுச்சியும் ஒரே மட்டமாயின. 'கிட்டார் ஹீரோ' விளையாட்டுக்கென அவ்வளவு நசுக்காமல் வந்த அதே பாடல்களைக் கேட்ட ரசிகர்களே மறுகலவை கோரினர். இன்று ஸ்பாட்டிஃபை, தன் வழக்கமான அமைப்பில், எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஏற்றிய சப்தம் இறங்கிவிடும், நசுங்கியது நசுங்கியதுதான்.

2014-இல் வந்த லேண்டர் போன்ற இயந்திரங்கள் சில நிமிஷங்களில், சொற்பக் காசில் இவ்வேலையை முடிக்கின்றன. அளவைச் சீராக்க அவை போதும். இந்த இடத்தின் மௌனம் பாட்டுக்குத் தேவை, கலவைக்கே திரும்பிப் போ என்று மறுப்பதற்குப் பிறர் செவி வேண்டும். காசில்லாதவர் ஒரு பாட்டுக்காவது அச்செவியை நாடட்டும்.