நடத்தலும் நடந்து காட்டுதலும்: பக்கவாத உடல் குறித்துச் சில குறிப்புகள்

1

இடப்பக்கம் விழுந்துபோன என் தாய்மாமா யாரும் பார்க்காதபோது கொல்லைக்குப் போவது ஒரு நடை. திண்ணையில் ஆள் இருந்தால் வேறு நடை. கால் விறைத்து, மடங்கிய இடக்கை இன்னும் மேலே ஏறிக்கொள்ளும். யாரும் பார்க்காத நடை உனக்கெப்படித் தெரியும் என்று நண்பர்கள் மடக்கலாம். நியாயமான கேள்விதான். அடுக்களை ஜன்னல் வழியாக அத்தை பார்த்துச் சொன்னது. ஆக, 'பார்க்கப்படாத நடை' என்று நாம் பேசுவதும் யாரோ ஒளிந்து பார்த்ததைத்தான். இந்தச் சிக்கலைத் தாண்டிக் குதித்துவிட முடியாது.

மருத்துவமனையின் பிசியோதெரபி கூடத்தில் தரையில் இரண்டு கோடுகள், நடுவே பத்து மீட்டர். "எப்பவும் நடக்கிற மாதிரி நடந்து காட்டுங்கய்யா." மாமா முதுகை நிமிர்த்தி, இடது காலை அரைவட்டமாக வீசி வீசி நடந்தார். 12 விநாடி. "பரவால்லயே" என்றார்கள். வெளியே வந்து பேருந்து நிறுத்தம் போகும் வழியில் அதே அளவு தூரத்துக்கு அரை நிமிடம் ஆனது. நடுவில் நின்றிருந்த ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என்ன மாமா இது என்றேன். "அங்க நடந்தது வேற மாப்ள. காட்டச் சொன்னாங்க, காட்டினேன்."

நடப்பது வேறு, நடந்து காட்டுவது வேறு. 'காட்டு' என்ற துணைவினையால் தமிழ் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறது. 'எப்பவும் போல' என்பதும் 'நடந்து காட்டுங்க' என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பது அதைப் பேசுகிறவர் காதில் விழுவதில்லை.

2

இந்த விநாடிக் கணக்கு சும்மா இல்லை. 1995இல் ஜாக்குலின் பெர்ரியும் சக ஆய்வாளர்களும் பக்கவாதக்காரர்களின் நடையை வேகத்தை வைத்து வகைப்படுத்தினார்கள். விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் குறைவென்றால் வீட்டோடு நடப்பவர், 0.4இலிருந்து 0.8 வரை என்றால் வெளியே ஓரளவு போய்வருபவர், 0.8க்கு மேல் என்றால் ஊருக்குள் தாராளமாக நடமாடுபவர். இதன்படி கூடத்துக்குள் என் மாமா தாராளமாக நடமாடுபவர், தெருவில் வீட்டோடு கிடக்க வேண்டியவர். இடைவெளி கால்மணி நேரம். எல்லாம் பார்வை செய்த வேலை என்று நான் சொல்ல மாட்டேன். தெருவில் மேடு பள்ளம் உண்டு, ஹாரன் உண்டு, களைப்பும் உண்டு. ஆனால் மருத்துவச் சீட்டில் ஏறியது 12 விநாடி மட்டுமே.

நடை பழக்கத்தில் ஓடுவது. ஆரோக்கியமான உடல் நடக்கும்போது முட்டியைப் பற்றி யோசிப்பதில்லை. நெருக்கடியில் நம் அசைவை நாமே கவனித்துக் கட்டுப்படுத்தப் போனால், கற்ற பழக்கம் குலைந்துபோகிறது என்று ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992இல் எழுதினார். பக்கவாதம் வந்தவருக்கோ அந்தப் பழக்கமே பறிபோயிருக்கிறது. ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிறார். அந்த யோசனைக்கு மேல் இன்னொருவர் கண்ணும் ஏறி உட்கார்ந்தால்? போதாததற்கு "முட்டிய மடக்குங்க, குதிகால ஊனுங்க" என்ற கட்டளைகள். பிசியோதெரபிஸ்டுகள் நடை பழக்கும்போது சொல்வதில் பெரும்பகுதி இப்படி உடல் உறுப்பை நோக்கியே கவனத்தைத் திருப்புகிறது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நோயாளி என்றில்லை, ஆய்வாளர் முன்னிலையில் நலமான இளைஞர்களின் நடையும் மாறுகிறது என்று 2020இல் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்தது.

இதற்கெல்லாம் மருத்துவத்தில் தயாராக ஒரு பெயர் உண்டு: 'ஹாதார்ன் விளைவு'. சிகாகோவை ஒட்டிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளை வைத்துப் பின்னாளில் வந்த பெயர். கவனிக்கப்படுவதாலேயே தொழிலாளி கூடுதலாக உழைக்கிறார் என்பது பாடப்புத்தகக் கதை. அந்தக் கதை சொல்லாமல் விடுவது வேறு. ரிலே பூட்டும் அறையில் வைக்கப்பட்ட பெண்களில் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பேரை 1928இல் மாற்றிவிட்டார்கள். கூலி முறையையும் மாற்றியிருந்தார்கள். வாயாடுகிறவரை வெளியேற்றிவிட்டு, மிச்சமிருப்பவரின் உழைப்பைப் 'பார்வையின் விளைவு' என்று எழுதிவைத்தது நிர்வாகத்தின் கதையாடல். பக்கவாத நடைக்கு இந்தப் பெயரைக் கடன் வாங்கும்போது பார்க்கப்படுபவரின் வாயடைப்பும் கூடவே வந்துசேர்கிறது. அவர் என்ன நினைத்து அப்படி நடந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கழிக்க வேண்டிய பிழையாகவே அது எண்ணப்படுகிறது.

3

இந்த இடத்தில் நம் ஆட்கள் உடனே ஃபூக்கோவை எடுப்பார்கள். 1975இல் வந்த நூல், பெந்தாமின் வட்டச் சிறை, கண்காணிப்பு, பணியும் உடல். நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பாதியில் இடறியது. பார்வை எல்லாம் அதிகாரம்தான் என்றால் திண்ணைப் பார்வையில் விறைத்த கால் கூடத்துப் பார்வையில் எப்படி இளகியது? மாமாவைக் கேட்டேன். "அங்க விழுந்தா புடிக்க ஆள் இருக்கு. இங்க விழுந்தா பேச ஆள் இருக்கு" என்றார்.

நம் கோட்பாட்டுக்குள் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. பிடிக்கத் தயாராக இருக்கும் கண்ணும், பரிதாபப்படும் கண்ணும், எண்ணும் கண்ணும் ஒன்றல்ல. ஜன்னல் வழியே பார்த்த அத்தை சிறைக் காவலாளி அல்ல. விழுந்தால் ஓடுவதற்காகப் பார்த்தவள். 'பார்வையற்ற வெளி'யைக் கனவு காண்பது விழும் அபாயம் இல்லாத உடலுக்குத்தான் கட்டுப்படியாகும். ஒளிந்து அளந்தால் உண்மை கிடைக்கும் என்று செருப்பிலும் இடுப்பிலும் உணர்கருவி கட்டும் விஞ்ஞானமும் இதே கனவைத்தான் மறுபக்கமிருந்து காண்கிறது. கருவி கட்டியிருப்பது கட்டியவருக்குத் தெரியாதா என்ன?

4

இதெல்லாம் வெறும் அறிவுச்சர்ச்சை அல்ல என்பது சான்றிதழ் வாங்கப்போன அன்று உறைத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குறைந்தது 40 சதவீதம் ஊனம் என்று சான்று இருந்தால்தான் பல உரிமைகளுக்குக் கதவு திறக்கும். சதவீதம் நடையை மட்டும் வைத்துப் போடப்படுவதில்லை. ஆனாலும் வாசலிலிருந்து மேசை வரை நடந்து வருவதையும் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது மாமா என் காதில் கேட்டார்: "மாப்ள, இங்க எப்படி நடக்கட்டும்?"

பிசியோதெரபி கூடத்தில் நன்றாக நடந்தால் பாராட்டு. இங்கே நன்றாக நடந்தால் நஷ்டம். மோசமாக நடந்தால் 'நடிக்கிறான்' என்ற சந்தேகம். இரண்டு இடத்திலும் ஒரே கட்டளை: நடந்து காட்டு. அவர் கேட்டது பித்தலாட்டத்துக்கான யோசனை அல்ல. தன் நடை தன்னுடையதாக இல்லாமல் போன ஒருவரின் கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. "வர்றபடி நடங்க மாமா" என்றேன். எவ்வளவு அசட்டுத்தனமான பதில்!

ஒற்றை எண்ணை ஒரு உடலின் உண்மை என்று ஏற்க மறுப்பதிலிருந்து நாம் தொடங்கலாம். அளக்கும்போது யார் பக்கத்தில் நின்றார், தரை எப்படி இருந்தது என்பதெல்லாம் சீட்டில் ஏற வேண்டும். நடந்தவரின் சொல்லும், அவரோடு இருப்பவர் சொல்லும் சாட்சியமாக ஏற வேண்டும். சான்றிதழ் மேசையில் கோரிக்கையாக வைக்கக்கூடியவைதான் இவை. சங்கங்களில் இயங்கும் தோழர்கள் யோசிக்கட்டும். நான் பார்த்தவன் மட்டுமே; பார்க்கப்பட்டவர்கள் எழுதினால் இந்தக் கட்டுரையில் பாதியை அடிக்க வேண்டியிருக்கும். அவர்கள் எழுத வேண்டும்.