கோடுகளும் காலமும்: கிரிப்பிள் கிரீக் தங்கச் சுரங்க வட்டாரத்தின் நிலத்தோற்ற வரைபடங்கள்

பழைய நிலத்தோற்ற வரைபடங்களை ஆய்வாளர் பலர் கட்டுரைக்குத் துணைநிற்கும் படங்களாகவே கையாள்கின்றனர். அவற்றையும் பனுவல்களாக வாசித்தல் வேண்டும் என்பதை, கொலராடோ மாநிலத்தில் ஏறத்தாழ 9,500 அடி உயரத்தில் அமைந்த கிரிப்பிள் கிரீக் தங்கச் சுரங்க வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் மரபில் சமஉயரக்கோடுகள் பழுப்பிலும், நீர்நிலைகள் நீலத்திலும், கட்டடம், சாலை, இருப்புப்பாதை ஆகியன கறுப்பிலும் அச்சிடப்பட்டன. நிலம் நிலையானது, மனித ஆக்கம் மாறக்கூடியது என்னும் கருத்து இப்பகுப்பில் உறைந்துள்ளது. சுரங்க வட்டாரம் இக்கருத்தைச் சோதிக்கிறது.

இங்கு 1890இல் தங்கம் கண்டறியப்பட்டது. இப்பகுதியை உள்ளடக்கிய பைக்ஸ் பீக் நிலவியல் தொகுதி 1894இல் வெளிவந்தது. 1896 ஏப்ரலில் சில நாள் இடைவெளியில் நேர்ந்த இரு தீவிபத்துகளில் மரத்தாலான நகரின் பெரும்பகுதி அழிந்தது. பின்னர் எழுந்தது செங்கல் நகரம். எனவே 1894ஆம் ஆண்டுத் தாளைக் கொண்டு அதன்பின் எழுந்த நகரை விளக்க முயல்வது பிழையாகும்.

அதே 1894இல், நாளொன்றுக்கு 3 டாலர் கூலியை உயர்த்தாமலே வேலைநேரத்தை 8 மணியிலிருந்து 10 மணியாக்க உரிமையாளர்கள் முயன்றதை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். புல் ஹில் குன்றின் மேலிருந்த ஆல்ட்மன் ஊர் அவர்தம் அரணாயிற்று. குன்றின் உயரமும் சரிவும் தந்த பாதுகாப்பைச் சமஉயரக்கோடுகள் உணர்த்துகின்றன; போராட்டத்திற்கோ அங்குக் குறியீடு இல்லை.

வரைபடத்தின் மௌனத்தில் அதிகாரத்தைக் காணும் ஜே. பி. ஹார்லியின் அணுகுமுறை இங்குப் பயன்தரும், ஆயினும் வரம்புடையது. பைக்ஸ் பீக் தாளின் அளவை 1:125,000; அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 1.25 கிலோமீட்டர். தொழிலாளர் குடில்கள் தனித்தனியே இடம்பெறாமைக்கு அளவையே போதிய காரணம். அளவையால் விளைந்த மௌனத்தையும் குறியீட்டு மரபால் விளைந்த மௌனத்தையும் வேறுபடுத்தாத வாசிப்பு, தான் தேடியதையே கண்டடையும்.

1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய பெருந்திறந்தவெளி அகழ்வால் குன்றுகளின் பகுதிகளே அகற்றப்பட்டுள்ளன. நிலையானதெனப் பழுப்பில் வரையப்பட்ட கோடுகளும் இன்று, இல்லாத ஒரு நிலப்பரப்பின் ஆவணங்களாகிவிட்டன.

இத்துறையின் பழைய தாள்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எளிதில் கிடைப்பதனாலேயே எச்சரிக்கை மிகுதியும் தேவைப்படுகிறது. ஒரு தாளைச் சான்றாக்கும் ஆய்வாளர் அதன் அளவீட்டு ஆண்டு, வெளியீட்டு ஆண்டு, அளவை, குறியீட்டு மரபு ஆகிய நான்கையும் குறிப்பிடுதல் இன்றியமையாதது.